ஈகையா, ஒப்புரவா? – பழங்குடி இளைஞரின் சமூகம் சார்ந்த தொழில்முனைவு குறித்த அறவியல் நோக்கு

முன்னுரை

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பட்டியல் பழங்குடியினர் ஏறத்தாழ 10.43 கோடிப் பேர். நாட்டு மக்களுள் இவர்கள் 8.6 விழுக்காட்டினர். இவர்களிடையே பள்ளிக்கும் கல்லூரிக்கும் சென்று மீண்ட ஓர் இளந்தலைமுறை உருவாகியுள்ளது. முன்னோரின் காட்டறிவை ஓரளவும் நகரத்தின் கணக்கறிவை ஓரளவும் பெற்ற தலைமுறை அது. இவ்விளைஞர்களைத் 'தொழில்முனைவோர்' ஆக்குதல் அண்மைக்கால அரசுத் திட்டங்களிலும் தொண்டு நிறுவனங்களின் பணிகளிலும் முதன்மை பெற்று வருகின்றது. பயிற்சி, கடன், சந்தை வாய்ப்பு ஆகியவற்றை அளித்தால் அவர்கள் தம் காலில் நிற்பர் என்பது இத்திட்டங்களின் அடிப்படை நம்பிக்கை.

இந்நம்பிக்கையைப் பொருளியல் நோக்கில் மதிப்பிட்டவர் பலர். இதனுள் பொதிந்துள்ள அறவினா போதிய கவனம் பெறவில்லை. தேன், மூங்கில், மூலிகை, விதை, கைவினை என இவ்விளைஞர்கள் சந்தைக்குக் கொண்டுவரும் பொருள்களுக்குப் பின்னால் ஒரு குடியின் பல தலைமுறை அறிவு நிற்கின்றது. பொதுவில் பிறந்த அறிவைக் கொண்டு ஒருவர் ஈட்டும் பொருள் யாருக்கு உரியது? அவ்வறிவை விற்க இசைவு தர வல்லவர் யார்? தன் குடிக்குக் கடன்பட்ட இளைஞனுக்குத் தனக்கென வாழும் உரிமை எவ்வளவு உண்டு? இவ்வினாக்களைக் கேரளத்துக் காணிக்காரர், மராட்டிய மாநிலத்துக் கோண்டு மக்கள் ஆகியோரின் அனுபவங்களை முன்வைத்து ஆராய்வதாக இக்கட்டுரை அமைகின்றது.

உழைப்பும் உடைமையும்

தொழில்முனைவு என்னும் சொல் பொதுவாகத் தனிமனிதனையே சுட்டுகின்றது. ஒருவன் வாய்ப்பைக் காண்கிறான், இடரை ஏற்கிறான், ஆதலின் ஊதியமும் அவனுக்கே உரியதாகிறது. இக்கருத்திற்கு வலுவான மெய்யியல் அடித்தளம் இட்டவர் ஆங்கிலேய அறிஞர் ஜான் லாக். இயற்கைப் பொருளோடு ஒருவன் தன் உழைப்பைக் கலக்கும்போது அது அவன் உடைமையாகின்றது என்பது 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர் வகுத்த கொள்கை. ஆயினும், பிறருக்கும் போதுமான அளவிலும் அதே தரத்திலும் எஞ்சியிருக்க வேண்டும் என்ற வரையறையையும் அவர் உடன் வைத்தார். பிற்காலத்தார் கொள்கையைப் போற்றிய அளவிற்கு வரையறையைப் போற்றினாரல்லர்.

இக்கொள்கையை மலைத்தேன் எடுக்கும் தொழிலோடு பொருத்திப் பார்த்தால் அதன் போதாமை விளங்கும். நீலகிரி மலைப் பழங்குடியினரிடையே செங்குத்தான பாறையில் இறங்கித் தேன் எடுப்பவனின் கயிற்றை மைத்துனன் முறையுடையவன் காக்கும் வழக்கம் பதிவாகியுள்ளது. உடன்பிறந்தாளை மணந்தவனின் உயிரை அவன் கைவிடமாட்டான் என்ற உறவுநம்பிக்கையே அதன் அடிப்படை. அடையை அறுத்தவன் ஒருவன். கயிற்றைக் காத்தவன் மற்றொருவன். கொடியைத் திரித்துக் கயிறாக்கியவர், எப்பருவத்தில் எப்பாறையில் தேன் முதிரும் என்று கற்பித்தவர், அடையில் ஒரு பகுதியை விட்டு வைக்கும் மரபை வகுத்தவர் எனப் பலர் பின்னே உளர். இங்கு உழைப்பு ஒருவனுடையதன்று. ஆதலின் உழைப்பிலிருந்து உடைமையை வருவிக்கும் அதே தருக்கமே பொதுவுடைமைக்கு இட்டுச்செல்கின்றது.

'சமூகம் சார்ந்த தொழில்முனைவு' என்ற கருத்தாக்கம் இவ்விடத்தில்தான் பொருள்பெறுகின்றது. ஒரு சமூகமே முனைவோனாகவும் நிறுவனமாகவும் இயங்கிப் பொதுநன்மையை நாடுதல் என அதனை விளக்கலாம். பொதுவளங்கள் கட்டாயம் அழிந்தே தீரும் என்று 1968இல் கேரட் ஹார்டின் வாதிட்டார். தமக்குள் விதி வகுத்து, கண்காணித்து, மீறுவோரைத் திருத்தும் சமூகங்கள் பொதுவளங்களை நெடுங்காலம் காத்துவந்ததை எலினார் ஆஸ்ட்ரம் 1990இல் வெளிவந்த தம் நூலில் நிறுவினார். எனவே, பொதுவில் இருத்தல் என்பது உரிமையாளர் இன்மை அன்று; விதிகளோடு கூடிய பலரது உரிமை என்பது தெளிவாகின்றது.

காணிக்காரர் அனுபவம்

அகத்தியமலைத் தொடரில் கேரளத்தின் திருவனந்தபுரம் பகுதியிலும் தமிழகத்தின் நெல்லை, குமரி மாவட்டங்களிலும் வாழ்பவர் காணிக்காரர். தமிழும் மலையாளமும் கலந்த வழக்கினை உடைய இவர்களின் குடித்தலைவர் மூட்டுக்காணி எனவும், மருத்துவமும் சடங்கும் அறிந்தவர் பிலாத்தி எனவும் அழைக்கப்படுவர். மருத்துவ அறிவின் ஒரு பகுதி பிலாத்திகளுக்கே உரியதாகப் பேணப்பட்டு வந்தது.

1987இன் இறுதியில் முனைவர் புஷ்பாங்கதன் தலைமையிலான அறிவியலாளர் குழு ஒன்று அம்மலையில் களப்பணி மேற்கொண்டது. வழிகாட்டிகளாக வந்த காணி இளைஞர்கள் ஒரு செடியின் கனிகளை உண்டு களைப்பின்றி நடந்ததைக் குழுவினர் கண்டனர். முதலில் அதனை வெளிப்படுத்தத் தயங்கிய இளைஞர்கள் பின்னர்ச் செடியைக் காட்டினர். அதுவே ஆரோக்கியப்பச்சை. பாலோட்டில் அமைந்த வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் அச்செடியோடு வேறு மூன்று மூலிகைகளையும் சேர்த்து 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கியது. 1995இல் கோயம்புத்தூர் மருந்து நிறுவனம் ஒன்றிற்கு ஏழாண்டுக்கு உற்பத்தி உரிமம் வழங்கப்பட்டது. உரிமக் கட்டணம் ரூ.10 இலட்சம், விற்பனையில் 2 விழுக்காடு உரிமத்தொகை. இவற்றில் பாதியைக் காணி மக்களுக்கு வழங்க ஆராய்ச்சி நிறுவனம் முடிவு செய்தது. அத்தொகையைப் பெறுதற்கென 1997இல் காணிகள் நல அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது. 1999இல் ரூ.5 இலட்சத்திற்கும் மேற்பட்ட தொகை அதனைச் சென்றடைந்தது. மரபறிவுக்கு உரிய பங்கை வழங்கிய தொடக்ககால முன்மாதிரிகளுள் ஒன்றாக உலகளவில் இது போற்றப்பட்டது. 2002இல் ஐக்கிய நாடுகள் சார்ந்த நிலநடுக்கோட்டுப் பரிசு இதற்குக் கிட்டியது.

இம்முயற்சியின் நேர்மை ஐயத்திற்கு இடமற்றது. அக்காலத்தில் அவ்வாறு பங்களிக்க வேண்டும் என்று எச்சட்டமும் இந்தியாவில் கட்டாயப்படுத்தவில்லை. உயிரியல் பன்மைச் சட்டம் 2002இல்தான் இயற்றப்பட்டது. ஆயினும் இதன்வழி எழுந்த சிக்கல்கள் கூர்ந்து நோக்கத்தக்கன. பிற பகுதிக் காணிகள் தம்மைக் கலந்துகொள்ளவில்லை எனக் குறைகூறினர். பிலாத்திகள் சிலர் தம் அறிவு விற்கப்பட்டதாக எதிர்ப்புத் தெரிவித்தனர். செடியைப் பயிரிடக் காணிக் குடும்பங்கள் முன்வந்தபோது காப்புக்காட்டு விதிகளைக் காட்டி வனத்துறை தடுத்தது.

இங்கு ஓர் உண்மை வெளிப்படுகின்றது. உரிமம் 1995இல் வழங்கப்பட்டது. சமூகத்தின் சார்பில் பேசவல்ல அமைப்பு 1997இல்தான் தோன்றியது. விற்பனை முடிந்தபின் விற்பவர் தேடப்பட்டனர் எனலாம். செடியைக் காட்டிய இளைஞர்கள் குற்றவாளிகள் அல்லர். உடன் நடந்தவர்க்கு உதவிய விருந்தோம்பலே அவர்தம் செயல். ஆனால் அறிவைப் பகிர்தல் வேறு. அறிவை விற்க இசைதல் வேறு. முன்னதை ஒருவர் செய்யலாம். பின்னதைப் பலர் கூடியே செய்ய இயலும். பங்கின் அளவு எவ்வளவு நியாயமானதாயினும், இசைவு தருதற்குரிய அவை இல்லாதவிடத்து அப்பங்கு கொடையாகவே நின்றுவிடுகின்றது. பெறுபவர்க்கு அதன்மேல் உரிமை பிறப்பதில்லை.

மெண்டா காட்டும் வரிசைமுறை

மராட்டிய மாநிலம் கட்சிரோலி மாவட்டத்தில் ஏறத்தாழ நூறு கோண்டுக் குடும்பங்கள் வாழும் சிற்றூர் மெண்டா. மெண்டா லேகா என்ற பெயரால் இது பரவலாக அறியப்படுகின்றது. எம் ஊரில் எம் ஆட்சி என்னும் பொருள்படும் முழக்கம் இவ்வூரிலிருந்தே புகழ்பெற்றது. அனைவரும் உடன்படும்வரை பேசி முடிவெடுப்பது இவ்வூரார் கைக்கொண்ட முறை. பெரும்பான்மை வாக்கினால் சிறுபான்மையை அடக்குதலை அவர்கள் ஏற்பதில்லை. ஒரு பொருளைப் பற்றி முடிவெடுக்குமுன் அதனைக் கூடிப் படித்தறியும் படிப்புக்குழுவும் அங்கு இயங்கி வந்துள்ளது.

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்கீழ், 2009இல் ஏறத்தாழ 1,800 எக்டேர் காட்டின்மேல் இவ்வூருக்குச் சமூக வன உரிமை வழங்கப்பட்டது. அச்சட்டம் மூங்கிலைச் சிறுவனப் பொருள்களுள் ஒன்றாக வரையறுத்து, மரபாகச் சேகரித்து வரும் மக்களுக்கு அதனை உடைமையாக்கி விற்கும் உரிமையை அளிக்கின்றது. எனினும் 1927ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டம் மூங்கிலை மரமெனக் கருதியமையால், வெட்டியதை வெளியே கொண்டுசெல்ல வனத்துறையின் அனுமதிச்சீட்டு தேவைப்பட்டது. சட்டம் தந்த உரிமையைச் சீட்டு தடுத்து நின்றது. நெடிய போராட்டத்திற்குப் பின், 2011 ஏப்ரலில் அன்றைய நடுவணரசின் சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் முன்னிலையில் அனுமதிச்சீட்டு வழங்கும் அதிகாரம் கிராமசபையிடமே ஒப்படைக்கப்பட்டது. அதன்பின் மூங்கில் விற்பனையைச் சபையே நடத்தலாயிற்று. எங்கு வெட்டுவது, எவ்வளவு வெட்டுவது, கூலி எவ்வளவு, எஞ்சியது எதற்கு என்பன சபையின் முடிவுகளாயின.

காணிக்காரர் அனுபவத்தையும் மெண்டா அனுபவத்தையும் ஒப்பிடும்போது பொருள்களின் வேறுபாட்டைக் காட்டிலும் வரிசைமுறையின் வேறுபாடே முதன்மையானதாகத் தோன்றுகின்றது. முன்னதில் சந்தை முந்தியது, சபை பிந்தியது. பின்னதில் சபை முந்தியது, சந்தை பிந்தியது. முன்னதில் பங்கின் அளவைக் கொடுப்பவர் வகுத்தனர். பின்னதில் விலையையும் கூலியையும் உரியவர்களே வகுத்தனர். மூங்கில் கண்ணுக்குப் புலனாகும் பொருள். மருத்துவ அறிவோ ஒருமுறை வெளிப்பட்டால் மீட்கமுடியாதது. ஆகவே அறிவு விற்பனைப் பொருளாகும் இடத்தில் சபை முந்த வேண்டிய தேவை மேலும் மிகுகின்றது.

1946 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் உரையாற்றிய ஜெய்பால் சிங் முண்டா, பழங்குடியினர்க்கு மக்களாட்சியைக் கற்பிக்க வேண்டியதில்லை, அவர்களிடமிருந்தே அதனைக் கற்க வேண்டும் என்ற கருத்தை முன்வைத்தார். மெண்டா போன்ற ஊர்களை நோக்க, அக்கூற்று வெறும் பெருமிதம் அன்று என்பது புலனாகின்றது.

இளைஞரின் இரு கடப்பாடுகள்

இவ்வகைத் தொழில்களில் இளைஞரின் இடம் தனித்தன்மை வாய்ந்தது. எடை, கணக்கு, வங்கி, வரி, தரச்சான்று, கணினி ஆகியவற்றைக் கையாள்வோர் அவர்களே. காட்டில் எது எங்குக் கிடைக்கும் என்பதை அறிந்தோர் முதியோர். எனவே ஒருவரின்றி மற்றவரால் தொழில் நடத்த இயலாது. இந்நிலை இளைஞருக்குப் புதியதோர் அதிகாரத்தை அளிக்கின்றது. முன்பு வெளியூர் இடைத்தரகன் வகித்த இடத்தில் இன்று அவ்வூர் இளைஞனே அமரக்கூடும். தரகனின் குடி மாறியதனால் தரகு மாறிவிட்டதாகக் கொள்ள இயலாது. கணக்கேட்டைத் தன் கையில் வைத்திருப்பவன், அதனை எழுத்தறியாப் பெரியோருக்கும் படித்துக் காட்டி விளக்கக் கடமைப்பட்டவன் ஆகின்றான். இதுவே அவனது முதற் கடப்பாடு.

சமூகத்திற்கும் அவன்பால் கடப்பாடு உண்டு. காட்டையும் மரபையும் காக்கும் பொறுப்பை ஓர் இளைஞன்மேலோ இளம்பெண்மேலோ சுமத்தி, பட்டணத்து வேலைக்கோ வேறு கல்விக்கோ செல்ல விரும்புவதைத் துரோகமெனக் கருதுதல் அறமாகாது. பொறியாளராகவோ பாடகராகவோ விரும்பும் பழங்குடி இளைஞர் தேன் விற்கத்தான் வேண்டும் என்று எதிர்பார்ப்பது, பிற சமூகத்தார்க்கு எவரும் விதிக்காத நிபந்தனை. அமர்த்தியா சென் 1999இல் வெளிவந்த தம் நூலில் வளர்ச்சியை மனிதர்க்கு வாய்க்கும் விடுதலைகளின் பெருக்கமாகக் கண்டார். அந்நோக்கில், ஊரில் தங்கித் தொழில் செய்ய இயலாமையும் ஊரைவிட்டுச் செல்ல இயலாமையும் ஒருசேர விடுதலைக் குறைவுகளே. வேறு வழியின்றி வெளியேறுபவனும் வேறு வழியின்றித் தங்குபவனும் தேர்ந்தவர்கள் ஆகார்.

மறுப்புகளும் விடைகளும்

சமூகம் சார்ந்த தொழில்முனைவிற்கு எதிராக மூன்று மறுப்புகள் எழக்கூடும்.

பொதுமை தனித்திறனை மழுங்கச் செய்யும் என்பது முதல் மறுப்பு. பத்துப் பேரின் ஊக்கத்தால் வளர்ந்த தொழிலில் நூறு பேர் பங்கு கேட்பின் அப்பத்துப் பேர் சோர்வர் என்பது உண்மையே. இதற்கு விடை, உழைப்பிற்குரிய கூலியையும் வளத்திற்குரிய பங்கையும் பிரித்தறிதலில் உள்ளது. கூடுதலாக உழைத்தவர் கூடுதற் கூலி பெறுவது முறை. காட்டிற்கும் மரபறிவிற்கும் உரிய எச்சம் மட்டுமே பொதுவிற்குச் செல்லவேண்டும். 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நிறுமச் சட்டத்தில் இடம்பெற்ற உற்பத்தியாளர் நிறுவனம் என்னும் அமைப்பு இதற்கு ஓரளவு வழிவகுத்துள்ளது. தனியுறுப்பினர்களைக் கொண்ட அவ்வமைப்பில் பங்கு எத்தனை இருப்பினும் வாக்கு ஒன்றே. 2013இல் நீலகிரிப் பகுதியில் பழங்குடியினரையே பங்குதாரராகக் கொண்டு தோன்றிய ஆதிமலைப் பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம் இவ்வமைப்பிற்கு ஒரு சான்று.

சமூகம் என்பது ஒருபடித்தானதன்று என்பது இரண்டாம் மறுப்பு. ஊரவையில் குடித்தலைவரின் குரல் ஓங்கிப் பெண்களின் குரலும் இளையோரின் குரலும் ஒடுங்கலாம். சிறுவனப் பொருள் சேகரிப்பில் பெண்களின் உழைப்பு மிகுதி. பணம் எண்ணும் இடத்தில் அவர்களைக் காண்பது அரிது. இம்மறுப்பு வலிமையானது. ஆயினும் இது சபையைக் கைவிடுதற்கன்றிச் சபையைத் திருத்துதற்கே காரணமாகும். வன உரிமைச் சட்டத்தின்கீழ் அமைந்த விதிகள் சபைக்கு வருவோருள் மூன்றில் ஒரு பங்கினரேனும் பெண்களாக இருத்தல் வேண்டும் என்று வகுத்தமை இத்திசையில் ஒரு தொடக்கம்.

சந்தைக்குள் புகுந்தபின் பொதுமை நிலைக்காது என்பது மூன்றாம் மறுப்பு. விலை ஏறும்போது அடையில் ஒரு பகுதியை விட்டுவைக்கும் மரபு கைவிடப்படும். பறித்தலின் அளவு மிகும். இவ்விடரை முற்றிலும் நீக்குதல் இயலாது. ஆனால் சந்தையைத் தவிர்த்தலும் இன்று இயலாததே. உப்பிற்கும் துணிக்கும் காடுபடு பொருளை மாற்றிவந்த மலைமக்கள் எக்காலத்தும் சந்தையை அறியாதவர் அல்லர். எதை விற்கலாம், எதை விற்கலாகாது, எந்த அளவிற்கு மேல் விற்கலாகாது என்று வரையறுக்கும் அதிகாரம் அவர்களிடம் இருந்ததா என்பதே வினா. விற்க மறுக்கும் உரிமை இல்லாதவிடத்து விற்கும் உரிமையும் நிறைவுடையதன்று.

ஆதரவின் அறம்

இனி, வெளியிலிருந்து ஆதரவளிப்போரின் அறத்தை நோக்கலாம். திருக்குறள் ஒப்புரவறிதலையும் ஈகையையும் அடுத்தடுத்த தனித்தனி அதிகாரங்களாக வைத்துள்ளமை ஈண்டுக் கருதத்தக்கது. ஈகை இல்லாதவர்க்கு உள்ளவர் கொடுப்பது. கொடுப்பவர் உயரத்திலும் பெறுபவர் தாழ்விலும் நிற்பர். ஒப்புரவோ உலகநடையறிந்து, ஒருவரோடொருவர் இயைந்து வாழும் கடப்பாட்டை உணர்ந்து செய்வது. முன்னது இரக்கத்தில் வேர்கொள்கின்றது. பின்னது உறவில் வேர்கொள்கின்றது.

பழங்குடி இளைஞர்க்கான ஆதரவு பெரும்பாலும் ஈகையின் மொழியிலேயே பேசப்படுகின்றது. ஆனால் வரலாறு வேறு கணக்கைக் காட்டுகின்றது. காலனிய வனச் சட்டங்கள் காட்டை அரசுடைமையாக்கின; தலைமுறைகளாகச் சேகரித்து வந்தோர் அத்துமீறுவோர் ஆயினர். அணைக்கும் சுரங்கத்திற்கும் ஆலைக்கும் அவர்தம் நிலம் எடுக்கப்பட்டது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் முகவுரையே அவர்களுக்கு இழைக்கப்பட்டதை வரலாற்று அநீதி என ஒப்புக்கொள்கின்றது. அநீதிக்குப் பின் தரப்படுவது கொடையன்று. திருப்பிச் செலுத்தும் கடன். கடனைத் திருப்புபவர் பெறுபவரிடம் நன்றியை எதிர்பார்த்தல் முறையன்று.

இந்நோக்கு ஏற்கப்படின் ஆதரவின் வடிவமும் மாறவேண்டும். 2018இல் தொடங்கப்பெற்ற வன்தன் திட்டத்தில் ஒரு நடுவத்திற்கு இருபது பேர் கொண்ட பதினைந்து குழுக்கள், மொத்தம் 300 உறுப்பினர் என்னும் அளவு வகுக்கப்பட்டது. மதிப்புக்கூட்டலும் சந்தையும் நோக்கமாகக் கொண்ட இத்தகைய திட்டங்களின் தேவை மறுக்கத்தக்கதன்று. ஆயினும் உறவுமுறையாலும் ஊரெல்லையாலும் காட்டெல்லையாலும் அமைந்த ஒரு குடி, திட்டத்தின் எண்ணிக்கைக்கு ஏற்பத் தன்னை மடக்கிக்கொள்ள வேண்டும் என எதிர்பார்த்தல் பொருந்துமா என்று வினவவேண்டியுள்ளது. முதலில் சபையின் உரிமையை ஏற்று, அச்சபை எவ்வடிவில் தொழில் செய்ய விரும்புகின்றது எனக் கேட்டு, அதற்குரிய முதலும் பயிற்சியும் அளித்தலே ஒப்புரவு முறை. கால அளவும் அவ்வாறே. ஆண்டிறுதிக்குள் பணத்தைச் செலவிட வேண்டிய அலுவலகத்தின் நாட்காட்டியும், அனைவரும் உடன்படும்வரை பேசும் சபையின் நாட்காட்டியும் ஒன்றல்ல. விரைவிற்காக உடன்பாட்டைக் கைவிடும் ஆதரவு, தான் வளர்க்க முனையும் சமூகத்தையே கலைக்கின்றது.

அறிவுத்துறையினர்க்கும் இதில் பங்குண்டு. பழங்குடியினரின் பாடல், மருத்துவம், வழக்காறு ஆகியவற்றைத் தொகுப்போர் ஒருவகையில் அகத்தியமலைக்குச் சென்ற குழுவினரின் நிலையிலேயே உள்ளனர். பதிவாகி அச்சேறிய அறிவு எவருக்கும் எட்டும் பொருளாகின்றது. 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழி இந்தியக் காப்புரிமைச் சட்டம் மரபறிவு கண்டுபிடிப்பாகாது என விலக்கியதனால் பிறர் அதனைத் தமதாக்குதல் ஓரளவு தடைப்படுகின்றது. உரியவர்க்குப் பயன் சேர்வதை அவ்விலக்கு உறுதி செய்வதில்லை. ஆகவே நாட்டார் வழக்காற்று ஆய்வில் இசைவு பெறுதல் என்பது தகவலாளர் ஒருவரின் தலையசைப்போடு முடிவதன்று. எது வெளியிடத்தக்கது என்பதை அக்குடியே முடிவுசெய்யும் வாய்ப்பையும் அது உள்ளடக்கும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. பழங்குடி இளைஞரின் தொழில்முனைவு பொதுவளத்தையும் பொதுவறிவையும் அடிப்படையாகக் கொண்டிருக்கும்வரை, அதற்குரிய இசைவு சபையிலிருந்தே பிறத்தல் வேண்டும். சபையின் இசைவு சந்தைக்கு முந்தியதாக அமைதல் வேண்டும் என்பதை மெண்டாவின் நிறைவும் காணிக்காரர் முயற்சியின் குறைவும் ஒருங்கே உணர்த்துகின்றன. உழைப்பிற்குக் கூலியும் பொதுவிற்குப் பங்கும் பிரித்தறியப்பட வேண்டும். இளைஞர் சமூகத்திற்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர். சமூகம் அவர்தம் விலகும் உரிமையை மதிக்கக் கடமைப்பட்டது. வெளியார் ஆதரவு ஈகையாக அன்றி ஒப்புரவாக அமையும்போதே இவையாவும் இயலும்.

பாறையில் தொங்குபவனின் கயிற்றைப் பிடித்திருப்பவன் அவனைக் கட்டிப்போடுவதில்லை, விழாமல் காக்கிறான். மேலே ஏற அவன் விரும்பும்போது ஏற விடுகிறான். தனிமனித முயற்சிக்கும் சமூகக் கடப்பாட்டிற்கும் இடையிலான உறவு இத்தகையதாதல் வேண்டும். கயிற்றின் முனை எவர் கையில் இருக்கவேண்டும் என்பதை முடிவு செய்வோரும் அம்மலையில் வாழ்வோரே.